நேரடிக் கண்காணிப்பில் ஓர் இஸ்திரிப் பெட்டி

இஸ்திரிப் பெட்டி தங்கையைத் தூக்கி எறிந்த செவ்வாய்க்கிழமையன்று நகரத்தின் நம்பிக்கை தொண்ணூற்றேழு புள்ளி நான்காக இருந்தது. சந்தை நம்பிக்கைத் துறையின் கட்டட முகப்பில், சிவப்பு விளக்குகளாலான பலகையில் அந்த எண் எரிந்துகொண்டிருந்தது. பேருந்தில் போகிறவர்கள் அதைப் பார்த்துத் தங்களுக்கு அன்றைக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

தங்கை அதைப் பார்க்கவில்லை. அவள் சலவைக்கூடத்தின் ஈரத் தரையில் மல்லாந்து கிடந்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

அந்தச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு பெண்கள் தேய்த்தார்கள். மேசை முதலாளியுடையது, பெட்டி தேய்ப்பவளுடையது என்பது அங்கே வழக்கம். வேலைக்குச் சேர வருகிறவள் கையில் சொந்தப் பெட்டியோடு வரவேண்டும். தங்கை புதிதாகச் சேர்ந்தவள். அவளுக்காகக் கடைக்குப் போய், நீலக் கைப்பிடி வைத்த புதுப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்தவள் அக்கா. அக்காவை எல்லோரும் மடிப்பக்கா என்றார்கள். அவள் மடித்த சட்டையைப் பிரித்துப் போட்டுக்கொள்ள உரியவனுக்கே மனசு வராது.

மடிப்பக்காவின் கொழுந்தன் வயர்மேன். அவன் பெட்டியின் பிளக்கைக் கழற்றிக் காட்டினான்.

"அண்ணி, மூணு பின் இருக்கு, பாத்தீங்களா? உள்ள ஒயரு ரெண்டுதான். மூணாவது பின்னு சும்மா அழகுக்கு."

"அழகுக்கா?"

"எர்த்தே இல்ல. உள்ள கம்பி பெட்டி உடம்பைத் தொடுது. கைப்பிடியில ரெண்டு திருகு இருக்கே, விரல் படற இடம், அதுலயும் கரண்ட் வருது. எர்த் இருந்தா ஃபியூஸ் போயிருக்கும். இல்லாததால ஆளு போறாங்க."

வாங்கும்போது கடைக்காரர் மூன்றாவது பின்னைக் காட்டித்தான் பாதுகாப்பு என்று சொல்லியிருந்தார். மடிப்பக்கா பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு துறைக்குப் போனாள்.

கவுன்டரில் ஓர் இளைய எழுத்தர் இருந்தார்.

"தம்பி, ஒரு புகார் குடுக்கணும்."

எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாக்கா. அந்த வார்த்தையை இங்க யாரும் சொல்றதில்ல."

"பின்ன என்னன்னு சொல்றது?"

"நம்பிக்கைக் குறைவு அறிவிப்பு. படிவம் நாலு. முதல் கேள்வி, பொருளை வாங்கும்போது உங்களுக்கு நம்பிக்கை இருந்துச்சா?"

"இருந்துச்சு. இல்லன்னா ஏன் வாங்கறேன்?"

"இப்ப இருக்கா?"

"இல்ல."

"அப்ப மாறினது உங்க நம்பிக்கை. பெட்டி வாங்கின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. சரிதானே?"

மடிப்பக்கா யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"தம்பி, என் தங்கச்சிக்கு ரெண்டு விரல் கறுத்துப்போச்சு. அதை எங்க எழுதறது?"

எழுத்தர் படிவத்தை மேலிருந்து கீழே நல்ல மனதோடு தேடினார். "விரலுக்குக் கட்டம் இல்லக்கா. விரலு சுகாதாரத் துறை."

அவர் முத்திரை குத்தியதும் உள்ளே சுவரிலிருந்த பலகை தொண்ணூற்றேழு புள்ளி மூன்று என்று மாறியது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். ஒழுகுகிற கெட்டிலைக் கையில் வைத்திருந்த பெரியவர் ஒருவர், "ஏம்மா, நல்லா இருந்த நம்பிக்கையை இப்படிப் பண்ணிட்டியே" என்றார். பிறகு தன் படிவத்தைச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டு, சட்டையில் கெட்டில் ஒழுக ஒழுக வெளியே போனார்.

பெட்டி பரிசோதனைப் பிரிவுக்குப் போனது. மூன்றாம் நாள் அறிக்கை தயாராகியிருந்தது. மடிப்பக்கா அதை இரண்டு முறை படித்தாள்.

"மின் இணைப்புக் கொடுக்கப்படாத நிலையில் மேற்படி இஸ்திரிப் பெட்டி ஐந்து அலுவலர்களால் தனித்தனியாகத் தொட்டுப் பார்க்கப்பட்டது. ஐவரும் நலமாக உள்ளனர்."

பரிசோதகர் வெள்ளை அங்கி போட்டிருந்தார். அங்கி நன்றாகத் தேய்க்கப்பட்டிருந்தது.

"சார், கரண்ட் குடுக்காம எப்படி சார் தெரியும்?"

"இந்த அறையில பிளக் பாயின்ட் கிடையாதும்மா."

"ஏன் சார்?"

"முன்னாடி இருந்துச்சு. இப்படித்தான் ஒரு பெட்டி வந்துச்சு, எங்க ஆள் ஒருத்தர் பரிசோதிக்கிறேன்னு செருகிட்டார். ஆறு மாசம் ஆஸ்பத்திரி. அதுலேர்ந்து எல்லாத்தையும் பூசி அடைச்சாச்சு. அலுவலர் பாதுகாப்புல நாங்க சமரசமே பண்ணிக்கிறதில்ல."

"அந்தப் பெட்டிய என்ன பண்ணீங்க?"

"பாஸ் பண்ணிட்டோம். கரண்ட் இல்லாதப்ப ஒண்ணுமே பண்ணலியே அது."

அடுத்த வாரம் விசாரணை. நீளமான மேசை, நடுவில் பிளாஸ்டிக் பூ. மேசையின் தலைமாட்டில் இணை இயக்குநர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கடைக்காரர். நுகர்வோர் பிரதிநிதி என்று எழுதியிருந்த நாற்காலி காலியாக இருந்ததால் கடைக்காரர் தன் பையை அதில் வைத்திருந்தார்.

"அம்மா," என்றார் இணை இயக்குநர். குரலில் அவ்வளவு கனிவு. "சந்தை எதுமேல நிக்குது? சொல்லுங்க பாப்போம்."

"தெரியலீங்க."

"நம்பிக்கைமேல. ஒரு பொருள் கெட்டுப்போனா ஒரு பொருள்தான் போகும். நம்பிக்கை கெட்டுப்போனா சந்தையே போயிடும். நாங்க சின்ன ஆபீஸ். ரெண்டையும் பாக்க ஆளில்ல. அதனால பெருசைப் பாக்கறோம். பொருளை விட்டுட்டோம்."

"தங்கச்சி செத்திருப்பா சார்."

"சாகலியே! அதுதான் இந்த ஒழுங்குமுறையோட வெற்றி. எத்தனை ஊர்ல இப்படி உயிரோட இருந்து புகார் குடுக்க முடியும்?"

கடைக்காரர் தலையாட்டினார். "செருப்புப் போட்டுத் தேய்க்கணும் சார். கையேட்டுல போட்டிருக்கு. ஈரம் இல்லாத இடம்னும் போட்டிருக்கு."

"தண்ணி தெளிக்காம எப்படிங்க தேய்க்கறது?"

"அது தேய்க்கறவங்க பிரச்சினை. நான் விக்கறவன்."

இணை இயக்குநர் முடிவை வாசித்தார்: நீலக் கைப்பிடி இஸ்திரிப் பெட்டி இன்று முதல் துறையின் நேரடிக் கண்காணிப்பில் வைக்கப்படுகிறது. மடிப்பக்காவுக்கு நெஞ்சு நிறைந்தது. பெட்டிகளையெல்லாம் பூட்டி வைக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தங்கையிடம் அப்படியேதான் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்துக் கடைத்தெரு வழியாகப் போனபோது நீலக் கைப்பிடிப் பெட்டிகள் கடை வாசலிலேயே கோபுரமாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் தங்க நிறத்தில் வட்ட முத்திரை: "அரசின் நேரடிக் கண்காணிப்பில் உள்ள பொருள்." மொய்த்துக்கொண்டு வாங்கினார்கள்.

கடைக்காரர் ஓடி வந்தார். "வாங்கக்கா, வாங்க! உங்களைத்தான் நினைச்சுக்கிட்டே இருந்தேன். ஊர்லயே இந்த முத்திரை இதுக்கு மட்டும்தான். வேற எதுமேலயும் புகாரில்ல, பாருங்க, அதனால வேற எதையும் கண்காணிக்கல."

"இதை நிறுத்துங்க, ஐயா."

"நிறுத்தறதா? ஸ்டாக்கே பத்தல. இந்தாங்க, ஒரு பக்கெட் எடுத்துக்கங்க, நம்ம அன்பளிப்பு." குரலைத் தாழ்த்தினார். "ஒரு உதவிக்கா. மிக்சி கொஞ்சம் தேங்கிக் கிடக்கு. அதுமேலயும் ஒண்ணு எழுதிக் குடுத்தீங்கன்னா..."

அவள் பக்கெட்டை வாங்கவில்லை. அன்று மாலை சலவைக்கூடத்தில் முதலாளி பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"நான் உங்களுக்கு என்ன செஞ்சிருக்கேன்னு கேப்பீங்க. இப்ப செய்யறேன். பன்னிரண்டு பெட்டி, எல்லாம் என் செலவு, எல்லாம் முத்திரை போட்டது. திங்கட்கிழமை துறையிலேர்ந்து பெரியவரே வந்து முதல் சட்டை தேய்க்கறார். நம்ம கூடத்துக்கு 'நம்பிக்கை நிறுவனம்'னு பலகை குடுக்கறாங்க. பலகை இருந்தா பெரிய ஓட்டல் படுக்கை விரிப்பு பூரா நமக்கு. இனிமே சொந்தப் பெட்டி யாரும் உள்ள கொண்டு வரக்கூடாது. முத்திரை இல்லாத பெட்டியால கூடத்தோட மானம் போகும்."

"முதலாளி," என்றாள் மடிப்பக்கா, "அந்தப் பெட்டிதான் தங்கச்சியை அடிச்சுது."

"அது முத்திரை போடறதுக்கு முன்னாடி."

தங்கையின் விரல்களுக்குக் கட்டு அவிழ்த்திருந்தார்கள். அவளும் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். "வரலேன்னா மேசையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கக்கா" என்றாள். "அதே பெட்டிதானா?" என்று அப்புறம் கேட்டாள்.

மறுநாள் காலை கவுன்டர் திறக்கும்போதே மடிப்பக்கா நின்றாள். "தம்பி, என் புகாரை, அதான் அந்த அறிவிப்பை, நான் திரும்ப வாங்கிக்கறேன். முத்திரைய எடுத்துடுங்க."

எழுத்தர் பதறிப்போனார். "வேணாம்க்கா! திரும்ப வாங்கினா 'குறை நீங்கியது'ன்னு ஆயிடும். அதுக்கு வெள்ளி முத்திரை தனியா இருக்கு. ரெண்டு முத்திரையும் சேர்ந்தா பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்கெல்லாம் சப்ளை பண்ணலாம்."

"அப்ப புகார் குடுத்தாலும் முத்திரை, எடுத்தாலும் முத்திரையா?"

"துறை எப்படியும் நுகர்வோர் பக்கம்தான்க்கா நிக்கும்."

"குடுக்காமலே இருந்திருந்தா?"

"இருந்திருந்தா அது சாதாரண பெட்டி. நாலு பேர் யோசிச்சு வாங்கியிருப்பாங்க." சொல்லிவிட்டு எழுத்தர் தான் சொன்னதைத் தானே ஒரு கணம் கேட்டதுபோல் நிறுத்தினார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மடிப்பக்கா கொழுந்தனிடமிருந்து டெஸ்டரை வாங்கிக்கொண்டாள். பேனா அளவு திருப்புளி. மின்சாரம் பாய்கிற இடத்தில் வைத்துப் பின்பக்கம் விரலை வைத்தால் உள்ளே குட்டி விளக்கு எரியும். ஞாயிற்றுக்கிழமை அவள் பதினொரு வீடுகளுக்கும் போனாள். எங்கேயும் அதிகம் பேசவில்லை. திங்கட்கிழமை எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை சலவைக்கூடம் பூராவும் காகிதத் தோரணம். தரை மட்டும் எப்போதும்போல் ஈரம். முன் மேசைக்கு அடியில் கறுப்பு ரப்பர் பாய் ஒன்று புதிதாக விரித்திருந்தது. கடைக்காரர் கொண்டுவந்தது.

"இது எதுக்குங்க?" என்று கேட்டாள் மடிப்பக்கா.

"மரியாதைக்கு."

பன்னிரண்டு வருடமாக அந்த மேசையில் அவள் நின்றிருக்கிறாள். அவ்வளவு மரியாதை யாரும் கொடுத்ததில்லை.

முதலாளி ரப்பர் பூட்சோடு பாய்மேல் நின்று பெட்டியைச் செருகிச் சூடேற்றினார். வெள்ளைச் சட்டை ஒன்றை விரித்து, பெட்டியைச் சட்டையின் முதுகின்மேல் தயாராக வைத்துவிட்டு, விருந்தினருக்குப் பாயை விட்டுக்கொடுத்து விலகினார். இணை இயக்குநர் பாய்மேல் ஏறிப் பேச ஆரம்பித்தார்.

"நண்பர்களே, போன வருஷம் நம்ம நகரத்துல தொண்ணூறு நம்பிக்கை. இந்த வருஷம் தொண்ணூற்றேழு. பொருள் எதுவும் மாறல. அதே பொருள்தான். இந்த ஏழும் முழுக்க முழுக்கத் துறை உழைப்பு!"

கைதட்டினார்கள். மடிப்பக்கா மேசைக்கு வந்து, டெஸ்டரின் முனையைக் கைப்பிடித் திருகின்மேல் வைத்தாள். விளக்கு எரிந்தது. அடுத்த திருகில் வைத்தாள். அதுவும் எரிந்தது.

"சார், கரண்ட் வருது. நீங்க பாய்மேல நிக்கறீங்க, பயமில்ல. பிடிச்சுத் தேய்ங்க."

இணை இயக்குநர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்குப் பிடிக்கணும்னுதான் ஆசை. ஆனா விதி இடம் குடுக்காது. முத்திரை போட்ட பொருளைத் துறை அலுவலர் பயன்படுத்தினா அது பாரபட்சம்."

"கடைக்காரரே, நீங்க?"

"எனக்கு இஸ்திரி போட்டுப் பழக்கமில்லக்கா. என் சட்டையைக்கூட வீட்லதான்..."

"முதலாளி?"

முதலாளி பாயைப் பார்த்தார். "சார், கொஞ்சம் இறங்கினீங்கன்னா..."

"நான் விருந்தினர்," என்றார் இணை இயக்குநர். அவர் பாயிலிருந்து இறங்கவும் இல்லை, பெட்டியைத் தொடவும் இல்லை. சட்டையிலிருந்து மெல்லியதாகப் புகை கிளம்பியது.

"ஸ்விட்சை அணைங்க யாராவது!" என்று கத்தினார் முதலாளி.

ஸ்விட்ச் இருந்த சுவரோடு ஒட்டிப் பதினொரு பெண்கள் தோளோடு தோள் நின்றார்கள். நடுவில் தங்கை. மடிப்பக்கா போய்ப் பன்னிரண்டாவது ஆளாக நின்றாள்.

"முத்திரையைக் கிழிங்க சார். அணைக்கறேன்."

"இது மிரட்டல்!"

"இல்லீங்க. நம்பிக்கை இருந்தா நீங்களே பெட்டியைத் தூக்கி நிமித்தி வைங்க. நான் தடுக்கலியே."

"முத்திரையை நீக்க மூணு பேர் கொண்ட குழு கூடணும்மா! நினைச்சா கிழிக்க அது என்ன பஸ் டிக்கெட்டா?"

"நீங்க ஒண்ணு, முதலாளி ரெண்டு, கடைக்காரர் மூணு. கூடித்தானே இருக்கீங்க?"

இணை இயக்குநர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மூன்றுதான் வந்தது. சட்டையின் முதுகு பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகிக்கொண்டிருந்தது. "அப்ப தீர்மானம் எழுதணும். பேப்பர்?" அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதினார்கள். முதலாளி முன்மொழிந்தார். கடைக்காரர் வழிமொழிய மறுத்தார். மேசையின் விரிப்பு கருகும் வாசனை வந்ததும் வழிமொழிந்தார்.

"பொதுநலன் கருதி..." என்று இணை இயக்குநர் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"யாரோட பொதுநலன் சார்?" என்று சுவரோரம் ஒரு குரல் கேட்டது. "நாங்க செருப்பில்லாம நிக்கறது தெரியுதா அங்கேர்ந்து?" என்றது இன்னொன்று. பேசாத தங்கைகூடச் சிரித்துவிட்டாள்.

அட்டைப்பெட்டிகளில் இருந்த மற்றப் பதினொரு இஸ்திரிப் பெட்டிகளின் முத்திரைகளையும் மூவர் குழு உட்கார்ந்து நகத்தால் சுரண்டியது. தங்கம் லேசில் வரவில்லை. கடைசி முத்திரை சட்டையின்மேல் எரியும் பெட்டியில் இருந்தது. அதற்கு மட்டும் இணை இயக்குநர் மடிப்பக்காவைக் கெஞ்சலாகப் பார்த்தார். அவள் ஸ்விட்சை அணைத்தாள். அவர் பிளக்கையும் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினாள். அதன் பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொட்டார்.

புதுப் பெட்டிகள் கடைக்குத் திரும்பின. பெண்கள் பழைய பெட்டிகளோடு வந்தார்கள். தங்கைக்குக் கொழுந்தன் எர்த் கம்பி சேர்த்து ஒரு பழைய பெட்டியைச் சரிபண்ணிக் கொடுத்தான். முதலாளி யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. பன்னிரண்டு பேரையும் நிறுத்தினால் மறுநாள் சட்டைகளை அவரே தேய்க்க வேண்டியிருக்கும்.

ஆனால் தீர்மானத்தின் கடைசி வரியை இணை இயக்குநர் கவனமாக எழுதியிருந்தார்: "இது மேற்படி பன்னிரண்டு பெட்டிகளுக்கு மட்டுமே பொருந்தும்." கடை வாசலில் மற்ற பெட்டிகள் முத்திரையோடு அப்படியே இருந்தன. திரும்பி வந்த பன்னிரண்டின் மேலும் புது முத்திரை ஒட்டியாகிவிட்டது.

அதனால் மறுநாளிலிருந்து மதிய இடைவேளையில் மடிப்பக்கா கடைக்கு எதிர்ப்பக்கம், பழச்சாறுக் கடையின் பிளக்குக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். அவளால் வர முடியாத நாளில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். நீலக் கைப்பிடியோடு போகிறவர்களை, "ஒரு நிமிஷம்ங்க" என்று கூப்பிட்டுச் செருகி, டெஸ்டரை வைத்துக் காட்டினார்கள். வேறு பேச்சே கிடையாது. விளக்கு எரிவதைப் பார்த்தவர்கள் தெருவைக் கடந்து பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். விளக்கு எரியாத பெட்டிகளும் சில வந்தன. அவற்றை வாங்கியவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். ஆறாம் நாள் வாசலிலிருந்த கோபுரம் உள்ளே போனது. பலகையில் நம்பிக்கை அறுபத்திரண்டு என்று காட்டியது. பழச்சாறுக் கடையில் மட்டும் கூட்டம்.

எட்டாம் நாள் துறையிலிருந்து எழுத்தர் நோட்டீஸோடு வந்தார். வெயிலில் வியர்த்திருந்தது. அவரே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி.

"உரிய உரிமம் இன்றி, பொது இடத்தில், தொடர்ந்து எட்டு நாட்களாக நுகர்வோரைப் பாதுகாத்து வந்த குற்றத்துக்காக..." எழுத்தர் நிறுத்தினார். "நான் எழுதலக்கா. மேலேர்ந்து வந்தது."

"படிங்க தம்பி."

"...ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும், அதுவரை டெஸ்டரை ஒப்படைக்கவும் உத்தரவிடப்படுகிறது."

"டெஸ்டர் கொழுந்தனோடது. அவங்கிட்ட கேளுங்க."

எழுத்தர் தலையாட்டிக்கொண்டார். ஆனால் போகவில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அக்கா, எங்க வீட்லயும் நீலக் கைப்பிடிதான். அம்மா தேய்ப்பாங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒண்ணு குடுத்தாங்க."

"எல்லாருக்குமா?"

"இணை இயக்குநர் மட்டும் வாங்கிக்கல. பாரபட்சம்னு சொல்லிட்டார்."

"இன்னிக்கு சாயங்காலம் அம்மாவைத் தேய்க்க வேணாம்னு சொல்லுங்க. நாளைக்கு எடுத்துக்கிட்டு வாங்க. வரிசையில நிக்கணும், பரவாயில்லையா?"

"நிக்கறேன்க்கா."

"நோட்டீஸ்ல எங்க கையெழுத்து?"

எழுத்தர் இடத்தைக் காட்டினார். காட்டிய விரலை உடனே எடுத்துக்கொண்டார். "அவசரப்படாதீங்கக்கா. இதுல போட்டீங்கன்னா, பாதுகாத்ததை நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ஒத்துக்கத்தான் போடறேன்," என்று மடிப்பக்கா பேனாவுக்குக் கை நீட்டினாள்.